ஐஸ்பெட்டியும் பனிப்பாலையும்

பொன்ராசு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பேச்சுக்குப் பேச்சு "வேற என்னம்மா" என்றாய். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து, அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறவன்தான் அடுத்தவரிடம் வேறு என்ன என்று கேட்பான். அப்போதே பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற நம் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, உன் அக்கா கனியின் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப விடாமல் குடைந்து குடைந்து கேட்டதில் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள், அவளுக்குப் பொய் சொல்ல வராது.

தென்துருவக் கண்டத்தில் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி, காற்றையும் குளிரையும் அளக்க உன்னை எடுத்திருக்கிறார்கள். போனால் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இந்த வாரக் கடைசிக்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ நீ பதில் எழுத வேண்டும். வரவில்லை என்று எழுதி வைத்துவிட்டாய். ஆனால் அனுப்ப மனசு வராமல் வைத்திருக்கிறாய். காரணம் நான்தான் என்று கனி சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கனி வேண்டுமா?

இந்தக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்றா சொன்னேன், நாலு வரி எழுதுவதும் எழுந்து போய் அரிசி மூட்டையைச் சரி செய்வதுமாக இருக்கிறேன். மூட்டையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது, அதற்காக உடனே போன் போடாதே. இருப்புக் கொள்ளவில்லை. எண்ணெய் டின்களை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினேன், பிறகு பழையபடி மாற்றினேன். வெளியே ஆடிக்காற்று. துறைமுகத்து நிலக்கரித் தூசியும் உப்பளத்து மண்ணும் சேர்ந்து வந்து பருப்புச் சாக்கின் மேல் படிகிறது. காகிதம் பறக்காமல் இருக்க உன் அப்பாவின் பழைய ஒரு கிலோ எடைக்கல்லை மேலே வைத்திருக்கிறேன். எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அந்தக் கல்லுக்கு இதுதான் வேலை.

நீ காற்றின் பின்னால் போகிற பிள்ளை என்று எனக்கு எப்போது தெரியும் என்று நினைக்கிறாய்? உனக்கு எட்டு வயது. பங்குனி உத்திரத்துக்கு அப்பா ஊர் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். கோயிலைத் தாண்டினால் தேரி. குங்குமம் கொட்டினது போலக் கண்ணுக்கு எட்டின மட்டும் சிவப்பு மணல். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் அதை வாரி வாரிக் குவித்ததாம். ஒரு ஆடிக்கு மேடாக இருந்த இடம் மறு ஆடிக்குப் பள்ளமாகக் கிடக்கும். பொங்கல் பானை பொங்கி முடிந்து திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். கழுத்தில் நீலமும் சிவப்புமாக விசிறி விரிக்கிற ஓணான் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்கள். காலடித் தடம் ஒரு இருபது அடி போய், அதற்கு மேல் காற்று மூடிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடு மேடாக ஏறினார். கடைசியில் ஒரு கொல்லாமரத்து நிழலில் குப்புறப் படுத்துக் கிடந்தாய். குழியானைப் பூச்சியின் குழிக்கு மேல் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். இழுத்து முதுகில் இரண்டு வைத்தேன். நீ அழவில்லை. "எம்மா, இது தண்ணியே குடிக்காதாம்மா?" என்று கேட்டாய். அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு எனக்கு அன்றும் பதில் தெரியாது.

படித்து முடித்ததும் கயத்தாறில் காற்றாலை வேலைக்குப் போனாய். அப்பாடா, பக்கத்திலேயே கிடப்பான் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, காற்றை அளக்கிற கம்பம் நடுவதற்கு ராஜஸ்தான் போகிறேன் என்றாய். அங்கிருந்து நீ பேசியபோதெல்லாம் எனக்குப் பாலைவனம் என்றாலே மனசில் இருந்த வெறும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. நவராத்திரிக்கு நாம் தேடிப் போகிற வன்னிமரம் அங்கே ஊர் ஊராக நிற்கிறது, அதன் காயைக் கறி வைக்கிறார்கள் என்றாய். உலகத்துப் பாலைவனங்களிலேயே சனக்கூட்டம் மிகுந்தது அதுதான், நம் சந்தைமாதிரி எங்கே பார்த்தாலும் ஆளும் ஆடும் என்றாய். ஒரு நாள் மட்டும் குரல் உடைந்து பேசினாய். கரண்ட் கம்பிக்கடியில் ஒரு கானமயில் செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாய். "எம்மா, அதுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு. நேர வார கம்பி தெரியாதாம்மா. இடுப்பு ஒசரத்துப் பறவைம்மா" என்றாய். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பொட்டல்களிலும் அது நடமாடியதாமே. பறவைக்காக ஒரு ஆம்பளை அழுவானா என்று அப்பாவிடம் கேட்டேன். "அழுதா நல்லதுதான், உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்" என்றார் அவர். பாலைவனத்தில் இருந்துகொண்டு ஈரம் என்று நானும் கிண்டல் செய்தேன். ஆனால் அன்று எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அப்புறம் சகாரா. அங்கே முயல் அளவுக்கு ஒரு நரி, அதற்கு முறம் மாதிரிக் காது, உடம்புச் சூட்டை அந்தக் காது வழியாகத்தான் வெளியே விடும் என்று படம் அனுப்பினாய். ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று அறுபது வயது வரை நம்பிக்கொண்டிருந்த என்னிடம், அது கொழுப்பு என்றாய். உன் சித்திக்கு இருப்பதுபோலா என்று கேட்டேன், நீ சிரித்தாய். ஏன் அங்கே மழை இல்லை என்றதற்கு, பூமியின் நடுவில் சூடாகி மேலே போகிற காற்று ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்து சகாராவில் இறங்குகிறது என்று சொன்னாய். எனக்கு உடனே விளங்கியது. வருகிற வழியிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறும் பையோடு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவின் தெற்கே நமீபு என்று ஒரு பாலைவனம், அங்கே ஒரு வண்டு விடியற்காலைக் கடல்மூட்டத்தில் தலைகீழாக நிற்குமாம், முதுகில் படிகிற பனித்துளி வழிந்து வாய்க்கு வருமாம். அதை ஒருநாள் பார்க்க வேண்டும் என்றாய். உன் சின்ன வயதில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தெருவில் நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றோம், நீதான் பார்க்கவில்லை.

சகாராவில் இருந்தபோதுதான் ஒரு நாள் கேட்டாய், உலகத்திலேயே பெரிய பாலைவனம் எது என்று. நீ நிற்கிற இடம்தானே என்றேன். "இல்லம்மா. ஐஸும்மா. தென்துருவம். பாலைவனம்னா வெயிலு இல்ல, மழை இல்லாத எடம்" என்றாய். இரண்டாவது வடதுருவம், சகாரா மூன்றாவதுதான் என்றாய். அப்போது உன் குரலில் இருந்த பசியை நான் கவனித்தேன். உன் அப்பா கவனித்தது வேறு. அவருக்கு ஒரு விடுகதை கிடைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, பெரிய பாலைவனம் எது, சரியாகச் சொன்னால் ஒரு கடலைமிட்டாய் என்பார். மிட்டாய் பாட்டில் குறையவே இல்லை. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வண்டி ஓட்டுகிற சவேரி மட்டும் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம உப்பளத்த விடப் பெருசா எதும் இருக்கா?" என்றான். அவனுக்கும் கிடைக்கவில்லை. பிறகு அப்பாவே மனசு கேட்காமல் இரண்டு மிட்டாயை அவன் பையில் போட்டார்.

இனி எழுதப்போவதை நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. போன வருடத்துக்கு முந்தின ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதோ நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில், வெல்லம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த உன் அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். நீ கோபியில் இருந்தாய். இமயமலை மழையை மறித்துக்கொள்வதால் அதற்கு அந்தப் பக்கம் உண்டான குளிர்ப் பாலைவனம் என்று நீ சொல்லியிருந்தாய். அது எனக்கு நம் ஊர்க் கதை மாதிரியே இருந்தது. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், மலையைத் தாண்டி நமக்கு வருவது காற்றும் தூசியும்தானே. அங்கிருந்து ஒரு பகல் முழுக்க ஜீப்பில் வந்து, மூன்று விமானம் மாறி நீ வர வேண்டும். கொள்ளி வைக்க ஒரே மகன். மகன் வருகிற வரை எடுக்கக்கூடாது என்றார்கள். வாடகைக்கு ஐஸ்பெட்டி வந்தது. கண்ணாடி மூடிக்குள் உன் அப்பாவை வைத்தார்கள்.

நீ வந்தபோது பார்த்தது முடிவை மட்டும்தான். நடுவில் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் காற்றில் கம்பி அறுந்து தெருவெல்லாம் கரண்ட் போனது. கொண்டுவந்த ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது. பெட்டிக்குள் கண்ணாடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் சேலைத் தலைப்பால் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஈரம் உள்பக்கம் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆளாளுக்குப் பேசினார்கள், யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சவேரிதான் வந்து பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பும்போது வண்டி நிறைய ஐஸ் பார், சாக்கில் சுற்றியிருந்தது. "அக்கா, ஐஸ் பிளான்ட்டுல சொல்லிட்டேன். கரண்ட் வருத வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். அண்ணாச்சிய அப்பிடி விட்டிருவமா" என்று சொல்லிக்கொண்டே உடைத்துப் போட்டான். வீடெல்லாம் மீன் வாடை. திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு செவ்வாயும் வெள்ளியும் மீனைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுசன், செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக மீன் ஐஸில் கிடந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கியதில் நெஞ்சு வலித்தது. அந்த வலி இன்னும் முழுசாகப் போகவில்லை.

புதன்கிழமை காலையில் வந்தாய். உதடெல்லாம் வெடித்து, பூட்ஸுக்குள் கோபியின் மணலோடு. கொள்ளி வைத்துவிட்டு வந்து என் காலடியில் உட்கார்ந்து, "இனிமே நான் தூரமாப் போவலம்மா" என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அதன்பிறகு நீ சென்னையில் ஒரு ஆபீசில், ஏசி அறையில், யாரோ எங்கோ அளந்து அனுப்புகிற காற்றைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய். போன பொங்கலுக்கு வந்தபோது உன்னைப் பார்த்தேன். மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாய். வேகாத வெயிலில் சுருண்டாலும் சிரித்துக்கொண்டே பேசினவன், இப்போது தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு எங்கேயோ பார்க்கிறாய். அப்புறம் தை கடைசியில் நான் கடை வாசலில் மயங்கி விழுந்தேன். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, மாத்திரையில் ஓட்டலாம், என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். அன்றைக்கே நீ உன்னைக் கட்டிப் போட்டுவிட்டாய். கயிறு என் இடுப்பில்.

கனி அவள் போனில் எல்லாம் காட்டினாள். அங்கே மார்ச்சில் கடைசிக் கப்பல் போய்விட்டால் குளிர்காலம் முடிகிற வரை கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. இரண்டு மாதம் சூரியனே எழுந்து வராது. யாருக்கு என்ன ஆனாலும் கிளம்பி வர முடியாது. சும்மா நிற்கிற ஆளைத் தள்ளிவிடுகிற காற்று. புதிதாகப் பெய்கிற பனி மிகக் கொஞ்சம்தானாம், குளிர் மிஞ்சிப் போனால் காற்று ஈரத்தைச் சுமக்காதாம். கண்ணை மறைக்கிற அளவுக்குப் பறப்பதெல்லாம் பெரும்பாலும் பழைய பனிதான், காற்று அதை வாரி வாரி இடம் மாற்றுகிறது என்று கனி படித்துச் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏலே, இது நம் தேரி அல்லவா. நிறம்தான் வேறு. எட்டு வயதில் தொலைந்துபோன இடத்துக்குத்தான் நீ திரும்பப் போகப் பார்க்கிறாய்.

பென்குயினையும் காட்டினாள். அதில் பெரிய சாதி ஒன்று குளிர்காலத்தில்தான் முட்டையிடுமாம். பெட்டை முட்டையை ஆணின் காலில் ஒப்படைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஆண் அந்த முட்டையைக் கால்மேல் வைத்து, வயிற்றுத் தோலால் மூடி, சாப்பாடு இல்லாமல் இரண்டு மாதம் நிற்கும். நான் பிரசவத்துக்குப் போன ஒரு வாரத்தில் ரசம் வைக்கத் தெரியாமல் மூன்று வேளையும் பன்னும் டீயுமாக ஓட்டிய உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. வெளி வரிசையில் காற்றை வாங்கியது உள்ளே போகும், உள்ளே சூடாக இருந்தது வெளியே வரும். யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. வெகு நாள் கழித்துப் பெட்டை திரும்பி வந்து, அத்தனை கூட்டத்தில் குரலை வைத்தே தன் ஆளைக் கண்டுபிடிக்கிறது. எனக்குப் பிடித்தது எது தெரியுமா? தூரமாகப் போனதை அங்கே யாரும் குறை சொல்லவில்லை. போவது போய்த்தான் ஆக வேண்டும், நிற்பது நின்றுதான் ஆக வேண்டும். இந்தப் பென்குயின் உன் நிலையத்துப் பக்கம் அடிக்கடி வராது என்று கனி சொன்னாள். பரவாயில்லை, வந்தால் கேட்டதாகச் சொல்.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் கனியிடம் கேட்டேன். "ஏளா, நான் போனா நீ கொள்ளி வைப்பியா?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னம்மா பேசுத நீ?"

"அவன் அங்கன இருக்கும்போது எனக்கு ஒண்ணுன்னா, யாரு வைப்பா? என்னையும் பொட்டிக்குள்ள போட்டு, குளிர்காலம் முடிய மட்டும் கரண்டுக்குக் காத்துக் கெடப்பியளா? அன்னைக்கே எடுக்கணும். பொழுது சாயுறதுக்குள்ள. நீ வைக்கணும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், "சேலை கட்டிக்கிட்டா, சுடிதார் போட்டுக்கிட்டா?" என்று கேட்டாள்.

"சுடிதாரே போடு. தீ புடிக்காது" என்றேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, பிறகு அழுது, அன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள்.

மத்தியானம் உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பின்னால் வந்து வழிமறிக்கிறவர் அவர்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மதினி, பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வாரது நம்ம வழக்கத்துல கெடையாது" என்றார். "உங்க தாத்தாவுக்கு ஐஸ்பெட்டி வச்சியளா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அது வழக்கத்துல எப்ப வந்துச்சு?" என்றேன். மகன் வரவேண்டும் என்பதற்காகப் புதிதாக ஒரு பெட்டியைக் கண்டுபிடித்து வழக்கமாக்கிக்கொண்டோம். பக்கத்திலேயே நிற்கிற மகளின் கையை வழக்கமாக்கிக்கொள்ள மட்டும் யோசனை. கடைசியில், "ஒங்க இஷ்டம் மதினி, நான் கூட நிக்கேன்" என்றார். அவரும் நல்லவர்தான், கொஞ்சம் மெதுவாக நல்லவர்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. உன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று நினைக்கும்போது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் கடற்கரை ரோடு வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். ஆனால் இன்னொரு பயம் இதைவிடப் பெரிதாக இருக்கிறது. நான் இன்னும் பத்து வருடம் நன்றாக இருந்து, அந்தப் பத்து வருடமும் நீ என் சாவுக்குக் காவல் இருந்தால்? பிள்ளை பெற்றது அதற்காக இல்லை. முதுகில் அடித்த அன்று நீ கேட்ட கேள்வி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. தண்ணீரே இல்லாத இடத்தில் எது எப்படிப் பிழைக்கிறது என்று போய்ப் பார்த்து வந்து எனக்குச் சொல்.

போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து பேர் ஒரே கூரைக்குள் குளிர்காலம் முழுக்கக் கிடக்கப் போகிறீர்கள். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போய் டீ குடிக்க அங்கே கடை கிடையாது. நானும் உன் அப்பாவும் இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு கடைக்குள் முப்பது வருடம் இருந்தோம். ஷட்டர் இறங்குகிற வரை எந்தக் கோபத்தையும் பேசுவதில்லை என்று வைத்திருந்தோம். ஷட்டர் இறங்கும்போது பாதிக் கோபம் மறந்துபோயிருக்கும். பென்குயின் மாதிரி முறை வைத்துக்கொள்ளுங்கள். உன் முறை வரும்போது வெளி வரிசையில் நில். உன்னைவிடச் சோர்ந்தவன் ஒருவன் இருப்பான், அவனை உள்ளே விடு. பசிக்கும் முன்னால் சாப்பிடு. சூரியன் வராத நாட்களிலும் தலை சீவு. கல்யாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரிதான் எழுதுகிறேன், அந்த வரி இதுதான்.

கருப்பட்டியும் சுக்கும் பொட்டலம் கட்டிவைத்திருக்கிறேன். ஈரம் உள்ளே போகாமல் இரண்டு சுற்று பிளாஸ்டிக் போட்டேன், பிறகுதான் நீ போகிற இடத்தில் ஈரமே கிடையாது என்பது ஞாபகம் வந்தது. தோணிக்குச் சாமான் கட்டிப் பழகின கை, கடலுக்குப் போவது என்றாலே ஈரத்துக்குத்தான் பயப்படும். பிரிக்கவில்லை, இருக்கட்டும்.

உன் அப்பாவின் பதினாறு முடிந்து கடையைத் திறந்த அன்று முதலில் வந்தது எதிர்த்த தெருப் பெண். அரைக் கிலோ சீனி கேட்டாள். அவள் வந்து நின்றதுமே எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அள்ளிப் போட்டேன். கூடிப்போனதைக் கொஞ்சம் எடுத்தேன். தராசில் எண் சரியாக நின்றது. பொட்டலத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அதன்பிறகு உள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வயிறு எரிகிற வரைக்கும் அழுதேன். அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது சாமியோ சொந்தமோ இல்லை, அந்த அரைக் கிலோ சீனிதான்.

நீ திரும்பி வரும்போது நான் இதே நாற்காலியில் இருந்து, உன் முடியைப் பார்த்துவிட்டுத் திட்டலாம். அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள். ஒருவேளை சூரியன் வராத அந்த மாதங்களில் கனி கூப்பிட்டு, "ஏலே" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே பேசாமல் நின்றால், உனக்கு விளங்கிவிடும். அப்போது கப்பலைத் தேடாதே, வானத்தைப் பார்க்காதே. பெட்டியில் யாரும் உனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கும் நீ காற்றை அளக்க வேண்டிய நேரம் வரும். போய் அள. எண்ணைச் சரியாகப் பார்த்து எழுது. எழுதி முடித்துவிட்டு அழு.

கடைக்கு ஆள் வந்துவிட்டது. எடைக்கல்லை எடுத்தால் இந்தக் காகிதம் பறந்துவிடும், அதனால் இத்தோடு மடிக்கிறேன். எனக்குப் பதில் எழுதாதே. அவர்களுக்கு எழுது.

அம்மா